முறைவைத்துப் பூத்து ஒருங்கே காய்க்கும் மெரந்தி



மரம் ஆண்டுதோறும் பூக்கும் என்பது நம் பொதுவான எண்ணம். மலேசிய மழைக்காட்டு மெரந்தி மரங்களோ இரண்டு முதல் பத்து ஆண்டு வரையிலான இடைவெளியில், ஒரே பருவத்தில் பல இனங்களாகத் திரண்டு பூக்கின்றன. வறட்சியும் இரவுக் குளிரும் அவற்றைத் தூண்டுகின்றன.

நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் நெருங்கிய உறவுடைய ஆறு மெரந்தி இனங்களை ஆய்வாளர்கள் கவனித்தனர். முதலில் மெரந்தி மெலந்தாய் பூத்தது; இறுதியில் மெரந்தி தெம்பாகா பூத்தது. ஓர் இனத்தின் பூக்காலம் முடியுமுன் அடுத்ததன் பூக்காலம் தொடங்கியது.

இம்முறைவைப்பு ஏன்? எஸ். அப்பனாவும் எச். டி. சானும் 1981இல் வெளியிட்ட ஆய்வு, இம்மரங்களின் மகரந்தத்தைச் சுமப்பவை இலைப்பேன் என்னும் நுண்பூச்சிகளே என்று காட்டியது. மாலையில் விரியும் பூவில் அவை இரவெல்லாம் மேய்கின்றன. காலையில் உதிரும் இதழோடு தரையில் வீழ்கின்றன. மாலையில் மீண்டும் மேலெழுகின்றன. ஆறு இனங்களும் ஒரே நாளில் பூத்தால் மகரந்தம் இனம் மாறி வீணாகும். முற்றிலும் விலகிப் பூத்தால் இடையில் பூச்சிகளுக்கு உணவிராது. ஆகவே பூக்காலங்கள் ஓரளவு மேற்கவிவதே நன்மை தருகிறது.

காய்ப்பிலோ நிலைமை வேறு. முந்திப் பூத்தவை மெல்ல முற்றுகின்றன. பிந்திப் பூத்தவை விரைந்து முற்றுகின்றன. எனவே எல்லா இனங்களின் கனிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உதிர்கின்றன. காட்டுப்பன்றியும் எலியும் வண்டும் தின்று தீர்க்கவியலாத அளவு விதை குவிவதால், எஞ்சியவை முளைக்கின்றன.

இவ்வேற்பாட்டுக்குப் பரந்த காடு தேவை. காடு துண்டாடப்பட்டால் காய்க்கும் மரங்கள் குறையும். உதிரும் சில விதைகளும் இரையாகிவிடும். விதையைச் சேமித்துப் பின்னர் நடலாமே எனில், மெரந்தி விதைக்கு உறக்கநிலை இல்லை. உதிர்ந்த சில நாள்களில் அது முளைக்கும், உலர்த்தினால் இறக்கும். இவ்விதைக்குக் களஞ்சியம் காடு ஒன்றே.

மாணவர்களே! கெப்போங்கிலோ புக்கிட் தீமாவிலோ, மூன்று நீண்ட சிறகும் இரண்டு குறுஞ்சிறகும் கொண்ட கனி சுழன்று வீழக் கண்டால், அந்நாளைக் குறித்து வையுங்கள். அடுத்த கனிக்காலம் எப்போது வருமென்று நாம் உறுதியாகச் சொல்ல இயலாது. அது வரும்வரை காய்க்கும் மரங்கள் நிற்குமாறு காப்பது நம் கடன்.