மழைக்காலத்தில் விரிசல் விட்ட தோட்டாக் கூடு
(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"உலோகவியல் படிச்சவன்தானே, அஞ்சு நிமிஷம் சுவையாப் பேசு" என்று செயலாளர் உத்தரவு. தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பற்றிப் பேசுகிறேன். பயப்படாதீங்க, சுட மாட்டேன்!

அந்தப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வட்டத் தகட்டை அச்சில் அழுத்தி, படிப்படியாக இழுத்துக் கூடாக்குவார்கள். இழுக்க இழுக்க உலோகம் இறுகும். உள்ளே ஒரு விசை தங்கிவிடும். வெளியே பார்த்தால் வெறும் பளபளப்புதான்.

பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலம் முடியும்வரை தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் கூடுகளில் விரிசல்! 'பருவ விரிசல்' என்றே பெயராகிவிட்டது. 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்தின் அம்மோனியா, ஈரம், உள்ளே தங்கிய விசை மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. கூட்டை மிதமாகச் சூடாக்கி விசையைத் தணித்தால் விரிசல் வராது.

அமெரிக்காவில் குறி சுடுபவர்கள் பலர் சுட்ட கூட்டையே மறுபடி நிரப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் கழுத்து விரிந்து, அச்சில் சுருங்கி, இறுகிப்போகும். அதனால் ஒரே எண்ணிக்கை தடவை சுட்டவற்றைத் தனியே பிரித்து, நீளத்தை ஒன்றாக வெட்டி, கழுத்துக்கு மட்டும் ஒரே அளவு சூடு காட்டுவார்கள். ஒன்று இளக்கம், ஒன்று இறுக்கம் என்றால் குண்டைப் பிடிக்கும் பிடி மாறும், குறி தப்பும். அடிப்பாகத்துக்குச் சூடு ஏறவே கூடாது. அழுத்தத்தைத் தாங்கும் இடம் அது. இளகினால் சுடுபவருக்கே ஆபத்து. அம்மோனியா கலந்த பாலிஷும் ஆகாது. அதுவும் லாயத்துக் கதைதான்!

இதை ஏன் சொல்கிறேன்? முதல் வேலையில் ஒரு லாட் பித்தளை மூடிகளை, மினுமினுப்பைப் பார்த்தே பாஸ் பண்ணிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதத்தில், கழிவறையை ஒட்டிய கிடங்கில் அதில் பாதி விரிசல். உலையின் பின்வரிசைத் தட்டுக்குச் சூடு எட்டவில்லை. நான் அங்கே அளந்து பார்க்கவும் இல்லை. வேலை போகலை, தூக்கம்தான் போச்சு. அதற்கப்புறம் பின்வரிசையைத்தான் முதலில் பார்ப்பேன்.

இங்கே அமர்ந்திருக்கும் எங்கள் ஆசிரியர்கள் அன்றே அப்படித்தான். கடைசி பெஞ்சுக்காரனான என்னைத்தான் முதலில் எழுப்பிக் கேள்வி கேட்பார்கள். அந்தச் சூடு எனக்கு எட்டியது, சார்.