மெழுகுக்கு அடியில் ஒரு காப்பு



வன்னி நாட்டு மண் வீடுகளில் தரை மெழுகும் முறையைக் கண்டறியாதார் சிலரே. முதலில் புற்றுமண்ணைக் குழைத்துத் தரையைத் திருத்துவர். அது நன்றாக இறுகிய பின்னரே சாணத்தைக் கரைத்து மேலே மெழுகுவர். மண் இறுகுமுன் சாணமிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று குழைந்து பெயர்ந்துவிடும். காய்ந்த சாணத்தின் மேல் மண்ணை அப்பினாலோ, அது பிடிப்பின்றிச் சில்லுச் சில்லாகக் கழன்று போகும். எது அடியில் இருத்தல் வேண்டும், எது மேலே வருதல் வேண்டும், இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் பொறுத்தல் வேண்டும் என்னும் மூன்றையும் அவ்வீட்டுப் பெண்கள் எந்த நூலிலும் படித்தாரல்லர், கைப்பழக்கத்தால் அறிந்தனர். இன்று அதே முற்றத்தில் நிற்கும் மோட்டார் வாகனத்தின் வர்ணத்துக்குக் காப்பிடும்பொழுதும் இம்மூன்று கேள்விகளே எழுகின்றன. அவற்றுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

வாகனத்தின் மினுக்கத்தைப் பற்றிப் பேசுவது வெறும் பகட்டைப் பற்றிய பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். வன்னியின் அனுபவம் வேறு. 1990ஆம் ஆண்டு முதல் 2002ஆம் ஆண்டு வரை எரிபொருளும் உதிரிப்பாகங்களும் இப்பகுதிக்குள் வருவது அரிதாயிருந்த காலத்தில், பழைய வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடி மக்களைச் சுமந்தன. 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபொழுது, கைவிடப்பட்ட வாகனங்கள் முல்லைத்தீவுக் கரையோரத்தில் குவிந்து கிடந்து, உப்புக் காற்றில் துருவேறின. மீண்டும் தொழில் தொடங்கியோர் கடன் பட்டும் காணி விற்றும் வாகனம் வாங்கினர். பின்னர், 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே நீங்கியது. நீங்கிய பின்னரும், வரியையும் விலையையும் சேர்த்துப் பார்த்தால், புதிய வாகனம் எளிய குடும்பத்துக்கு எட்டாக்கனியே. ஆகவே, கையிலுள்ள வாகனத்தின் மேனியைக் காப்பது பகட்டன்று. அது முதலைக் காப்பதாகும்.

முதலில் அம்மேனியின் அமைப்பை நோக்குவோம். இக்கால வாகனம் ஒன்றின் தகட்டின் மேல் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, நிறமற்ற தெளிபூச்சு என அடுக்கடுக்காகப் பூச்சுகள் உள்ளன. இவை எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கை அடுத்த தடிப்பே கொண்டவை. மேலேயுள்ள தெளிபூச்சோ தலைமயிரினும் மெல்லியது. பழைய மொரிஸ், ஒஸ்ரின் முதலிய கார்களில் இத்தெளிபூச்சுக்கூட இல்லை. நிறமே நேராக வெயிலைத் தாங்கிற்று. அக்கார்களைத் துடைக்கும் துணியில் நிறம் ஒட்டுவதைப் பலர் கண்டிருப்பர்.

இம்மெல்லிய தோலுக்கு வன்னியில் பகை பல. ஆண்டின் பெரும்பகுதி எரிக்கும் வெயில், கிறவல் பாதையின் செம்புழுதி, கடலோரத்தின் உப்புக் காற்று, மரநிழலில் நிறுத்தினால் மேலே விழும் பறவை எச்சம், மரப்பிசின் என்பன அவற்றுட் சில. வெயிலில் சூடேறிய பூச்சின் மேல் எச்சம் காய்ந்தால், சில மணி நேரத்திலேயே அழியாத வடுப்பட்டுவிடும். கிணற்று நீரிற் கரைந்துள்ள உப்புகள், கழுவிய வாகனத்தை வெயிலிலே காயவிட்டால், வெண்புள்ளிகளாகப் படிந்து நிற்கும். தெளிபூச்சு கிழிந்து தகடு வெளிப்பட்டால், அங்கே துரு தொடங்கும்.

இவற்றைத் தடுக்கக் கடைகளில் விற்கும் பொருள்களை நம்மவர் எல்லாவற்றையும் ஒரே பெயரால் ‘பொலிஷ்’ என்பர். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. உண்மையில் அவை மூவகை. பொலிஷ் என்பது நுண்ணிய அராவுபொடி சேர்ந்தது. அது கீறல்களைத் தேய்த்து மேற்பரப்பைச் சமன் செய்யும். தேய்க்குந்தோறும் தெளிபூச்சில் ஒரு சிறிதளவு குறையும். காப்பு எதையும் அது தருவதில்லை. இரண்டாவது, சீலன்ற் எனப்படும் காப்புப் பூச்சு. இது செயற்கைப் பலபடிப் பொருள்களால் ஆனது. வர்ணத்தின் மேல் பற்றிப் படலமாக இறுகி, நான்கு முதல் ஆறு மாதம் வரை நிலைக்கக் கூடியது. மூன்றாவது மெழுகு. வாகன மெழுகிற் சிறந்து விளங்குவது கர்னோபா என்னும் மெழுகாகும். இது பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. நமது பனையைப் போலவே விசிறி ஓலை கொண்ட அம்மரம், மழை குன்றிய காலத்தில் தன் ஈரம் ஆவியாகிப் போகாதபடி ஓலையின் மேல் மெழுகைச் சுரந்து தன்னைக் காத்துக் கொள்கிறது. மரம் தனக்குச் செய்துகொண்ட காப்பை மனிதன் தன் வாகனத்துக்குக் கடன் வாங்கினான் எனலாம்.

இம்மெழுகு நிறத்துக்கு ஆழமும் கனிந்த ஒளியும் தரும். ஆயினும் அதன் ஆயுள் குறைவு. தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகும்; தூய கர்னோபா 82 பாகைக்கு மேலேதான் உருகும். ஆனால் புட்டியில் வரும் வாகன மெழுகு பல எண்ணெய்களும் கரைப்பான்களும் கலந்தது. அது முன்னரே இளகும். நண்பகல் வெயிலில் நிற்கும் கறுத்த வாகனத்தின் கூரை 70 பாகையையும் எட்டக்கூடும். ஆதலால், நம் நாட்டு வெயிலில் மெழுகு சில வாரங்களில், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதங்களில் தேய்ந்து போகும். கூரையிலும் முன்மூடியிலும் இன்னும் விரைவாக மறையும்.

நீடித்து நிற்பது காப்புப் பூச்சு, ஒளி மிகுந்தது மெழுகு. இரண்டின் நன்மையும் வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்றாக இடலாம். எது முதலில் என்பதே கேள்வி. விடை தெளிவானது. காப்புப் பூச்சு முதலில். மெழுகு அதன் மேல். காரணம் யாதெனில், காப்புப் பூச்சு தூய வர்ணத்தைப் பற்றிக்கொண்டு இறுக வேண்டிய பொருள். இடையில் மெழுகோ எண்ணெயோ இருந்தால், அது வர்ணத்தைத் தொடவே மாட்டாது. மெழுகின் மேல் மிதந்து, மெழுகு போகும்பொழுது தானும் போய்விடும். மெழுகுக்கோ அத்தகைய பற்று வேண்டுவதில்லை. இறுகிய படலம் எதன் மேலும் அது படிந்து நிற்கும்.

மாங்குளம் சந்தியில் வாடகைக்கு வான் ஓட்டும் சாரதி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வீட்டிலே மீந்திருந்த மெழுகை அவர் முதலில் நன்றாகப் பூசுகிறார். பின்னர், காசு கொடுத்து வாங்கிய காப்புப் பூச்சை அதன் மேல் இடுகிறார். அன்று மாலை வான் கண்ணாடி போல் ஒளிர்கிறது. மூன்று கிழமைகளில் ஒளியும் இல்லை, காப்பும் இல்லை. ஆறு மாதம் நிற்கும் என்று சொல்லி விற்றவனைப் பொய்யன் என்கிறார். பொருள் பொய்க்கவில்லை, முறைதான் மாறிற்று. அவருக்குப் போனது ஒரு புட்டியின் விலை மாத்திரமன்று. காப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் எச்சத்தையும் பிசினையும் நாட்கணக்கில் விட்டு வைத்தார். அவற்றின் வடு வர்ணத்திலே தங்கிவிட்டது. விற்க நேர்ந்தால், அவ்வடுவுக்கும் வாங்குபவர் விலை பேசுவார்.

ஆகவே, முறையை ஒருமுறை ஒழுங்காகச் சொல்வோம். முதலில் வாகனத்தை நிழலில் நிறுத்தி, தகடு குளிர்ந்த பின், நிறைந்த நீரால் புழுதியைக் கழுவுக. உலர்ந்த துணியால் புழுதியைத் துடைப்பது மணலால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். பழைய மெழுகு இருந்தால் அதை நீக்கும் சவர்க்காரம் இட்டுக் கழுவுதல் இம்முறைக்கு மட்டும் பொருந்தும். பின்னர் ஒரு மெல்லிய பொலித்தீன் பையினுள் விரல்களை விட்டு வர்ணத்தைத் தடவிப் பார்க்க. கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு அப்பொழுது புலப்படும். அதனை அதற்கென விற்கும் களிக்கட்டியால், வழுக்கும் நீர் தெளித்து, அகற்றுக. கீறல் மிகுந்திருந்தால் மாத்திரம் பொலிஷ் இடுக.

அதன்பின் காப்புப் பூச்சை, எவ்வளவு மெல்லிதாகப் பரப்ப இயலுமோ அவ்வளவு மெல்லிதாகப் பரப்புக. தடிப்பாக இட்டால் காப்பு கூடுவதில்லை. துடைக்கும் வேலையே கூடும். புட்டியிற் கூறிய நேரம் பொறுத்து, மென்துணியால் மிச்சத்தைத் துடைத்தெடுக்க. இனித்தான் பலர் தவறும் இடம் வருகிறது. அன்றே மெழுகு இடலாகாது. பெரும்பாலான காப்புப் பூச்சுகள் முற்றாக இறுகப் பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரம் வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் இன்னும் பிந்தும். இறுகுமுன் மெழுகிட்டால், மெழுகிலுள்ள கரைப்பான் கீழ்ப்படலத்தைக் குழப்பிவிடும். அந்த ஓர் இரவு மழையும் பனியும் படாதபடி கூரையின் கீழ் வாகனத்தை நிறுத்துக. மறுநாள் மெழுகைச் சிறு சிறு பகுதியாக இட்டுத் துடைக்க. மெழுகு வாங்கும்பொழுது ஒன்றைக் கவனித்தல் நன்று. அழுக்கு நீக்கும் அராவுபொடி கலந்த மெழுகுகளும் உண்டு. அவற்றை மேலே தேய்த்தால் நேற்று இட்ட காப்பை இன்று நாமே அராவி எடுத்தவராவோம்.

இவ்வேலைக்கு உகந்த காலமும் உண்டு. வாடைக் காற்றோடு மழை தொடங்குமுன் புரட்டாதி மாதத்தில் ஒருமுறையும், மழை ஓய்ந்து வெயில் ஏறுமுன் மாசி மாதத்தில் ஒருமுறையும் காப்புப் பூச்சை இட்டால் ஆண்டு முழுவதற்கும் பெரும்பாலும் போதுமானது. இடையில் மெழுகை மாத்திரம் இரண்டு மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கலாம். புதிய காப்புப் பூச்சை இடுமுன் பழைய மெழுகை முற்றாகக் கழுவ மறத்தலாகாது. மறந்தால் மாங்குளத்துச் சாரதியின் கதையே மீளும்.

இன்னும் ஒரு மயக்கம் உண்டு. நீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் காப்பு உறுதியாக உள்ளது என்று பலர் மகிழ்வர். அம்முத்துகள் மேலேயுள்ள மெழுகைப் பற்றியே சாட்சி சொல்கின்றன. அடியிலுள்ளதைப் பற்றி அவை எதுவும் அறியா. மெழுகு தேய்ந்த பின்னரும் நீர் பரவாமல் வழிந்தோடுமாயின், அதுவே கீழ்க்காப்பு உயிரோடிருப்பதன் அடையாளம்.

இரண்டையும் வாங்க வசதி இல்லாதார் என் செய்வது? தயக்கமின்றிக் காப்புப் பூச்சை வாங்குக, மெழுகை விடுக. ஒளி சற்றுக் குறையலாம், காவல் குறையாது. மெழுகு மட்டும் உண்டெனில், அதை அடிக்கடி இடும் உழைப்புக்கு ஆயத்தமாதல் வேண்டும். இரண்டும் இல்லாதார்க்கும் ஒரு வழி உண்டு. எச்சத்தை அன்றே நீர்விட்டு ஊறவைத்துக் கழுவுதலும், வாகனத்தை நிழலிற் காயவிடுதலும் காசு கேளாத காப்புகள்.

தெருவிலே போவோர் காண்பது மேலேயுள்ள மெழுகின் ஒளியை. வெயிலும் மழையும் முட்டி மோதுவதோ அடியிலே கிடக்கும் காப்போடு. அதைப் பொறுமையோடு, ஓர் இரவு காத்திருந்து, முறைப்படி இட்டவருடைய வாகனம் ஆண்டுகள் கழிந்தும் விலை குன்றாது நிற்கும். அக்குடும்பத்தின் தொழிலும் அதனோடு நிற்கும்.