மருந்தும் தேநீர்க் கோப்பையும்

(ஸ்ரீ கெம்பாங்கானில் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இன்று நாம் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் சளிக்கும் டாக்டர் கொடுக்கிறாரே கிருமிக்கொல்லி மருந்து, ஆன்டிபயாடிக் என்று சொல்வது, அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அந்த மருந்தோடு நாம் குடிப்பதும் தின்பதும், ஏற்கெனவே விழுங்கிவரும் வேறு மாத்திரைகளும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதே விஷயம். இதற்கும் சம்பளத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது போகப் போகத் தெரியும்.

பால் மரத்தில் வேலை செய்கிற நமக்கு இதை விளங்கிக்கொள்வது சுலபம். பால் கொட்டகையில் தொட்டியில் பாலை ஊற்றி அளவாக ஆசிட் விட்டால் என்ன ஆகிறது? கொஞ்ச நேரத்தில் கட்டியாகிவிடுகிறது. கட்டியான பால் சல்லடையில் இறங்குமா? இறங்காது. டெட்ராசைக்ளின் என்ற மருந்துக்கும் பசும்பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் வயிற்றுக்குள் நடப்பது ஏறக்குறைய இதே காரியந்தான். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பிடிபட்ட மருந்து குடலைத் தாண்டி இரத்தத்தில் சேர முடியாமல் மலத்தோடு போய்விடுகிறது. மருந்தை விழுங்கியது உண்மை, உடம்பில் சேர்ந்தது பாதியோ அதற்கும் குறைவோ! பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து மட்டுமல்ல, இரும்புச் சத்து மாத்திரை, துத்தநாகம், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துகளில் உள்ள அலுமினியம், மெக்னீசியம் ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. 1950-களின் தொடக்கத்தில் இந்த வகை மருந்து வந்த புதிதில், விழுங்கியவர்களுக்குக் குமட்டல் எடுத்தது. வயிறு அமரட்டும் என்று டாக்டர்களே வயிற்றெரிச்சல் மருந்தைக் கூடவே கொடுத்தார்கள். இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தபோதுதான், மருந்தின் அளவு இரத்தத்தில் விழுந்துவிட்டது தெரியவந்தது. படித்த வைத்தியர்களுக்கே அன்று தெரியாமல் இருந்தது என்றால், விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் மாத்திரையை வாயில் போட்டுப் பால் தேநீரால் விழுங்கும் தொழிலாளியை யார் குறை சொல்ல முடியும்?

இந்த மருந்துகளின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது. புல்லிலும் புதரிலும் உள்ள சின்னஞ்சிறு பூச்சி கடித்து வரும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சல் ஒருகாலத்தில் மலாயாத் தோட்டங்களில் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1948-ல் ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க வைத்தியரின் குழு கோலாலம்பூருக்கு வந்து, 1900-ல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தாருடன் சேர்ந்து குளோராம்பெனிகால் என்ற மருந்தை அந்தக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. காய்ச்சல் விரைவிலேயே இறங்கியது. டைபாய்டுக்கும் அது கேட்கும் என்பது அதே ஆண்டில் அங்கேயே தெரிந்தது. அந்த மருந்து அபூர்வமாகச் சிலருக்கு எலும்பு மச்சையைக் கெடுத்து இரத்தம் ஊறாமல் செய்துவிடும் என்று பின்னால் தெரிந்ததால், இன்று அதைத் தாராளமாகக் கொடுப்பதில்லை. ஸ்கிரப் டைபஸுக்கும், எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சலுக்கும் இன்று பெரும்பாலும் கைகொடுப்பது டாக்சிசைக்ளின். டெட்ராசைக்ளின் குடும்பத்துப் பிள்ளை அது. ஆகவே தோட்டத்து வியாதிக்கான மருந்தே, தோட்டத்துத் தேநீரைப் பற்றி நாம் யோசிக்க வேண்டிய மருந்தாகவும் இருக்கிறது.

பயந்துவிடவும் வேண்டாம். எல்லா மருந்துக்கும் ஒரே சட்டம் கிடையாது. அமாக்சிசிலினை உணவோடும் விழுங்கலாம், பாலோடும் விழுங்கலாம், அதற்குக் கேடில்லை. டாக்சிசைக்ளினைப் பால் கொஞ்சந்தான் குறைக்கும். ஆனால் இரும்பு மாத்திரையும் வயிற்றெரிச்சல் மருந்தும் அதை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். ஆகவே 2, 3 மணி நேரம் தள்ளி விழுங்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொடுக்கும் சிப்ரோபிளாக்சசின் இன்னும் கண்டிப்பான மருந்து. அதை வெறும் பாலாலோ, சுண்ணாம்புச் சத்துச் சேர்த்த மால்ட் பானத்தாலோ விழுங்கக் கூடாது. இரும்பு, சுண்ணாம்பு, வயிற்றெரிச்சல் மருந்து இவற்றுக்கு 2 மணி நேரம் முன்பே அதை விழுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவற்றைச் சாப்பிட்டு 6 மணி நேரம் கழித்து விழுங்க வேண்டும். கிளினிக்கில் கொடுக்கும் வெள்ளை வயிற்றுத் தண்ணீர் மருந்தில் மெக்னீசியம் இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரையானாலும் பச்சைத் தண்ணீர் ஒரு முழு கிளாஸ் போதும். டாக்சிசைக்ளினுக்கு அந்த முழு கிளாஸ் மிகவும் அவசியம். குறைந்த தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் அது நெஞ்சுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். வெயிலில் புல் வெட்டுகிறவர்களும் மருந்தடிக்கிறவர்களும் அந்த நாட்களில் கைச்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மருந்தால் தோல் சீக்கிரம் வெந்துபோகும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கிளினிக்கில் இரும்பு மாத்திரை தருகிறார்கள். அதை நிறுத்த வேண்டாம். ஆனால் காய்ச்சலுக்கோ சிறுநீர் எரிச்சலுக்கோ வேறு டாக்டரிடம் போனால், நாம் பிள்ளைத்தாய்ச்சி என்பதையும் இரும்பு மாத்திரை விழுங்குவதையும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். டாக்சிசைக்ளின் போன்றவை கருவிலிருக்கும் குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கக்கூடும் என்பதால் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வேறு மருந்தே கொடுப்பது வழக்கம்.

மருந்துப் பையில் எழுதியிருப்பதை அநேகர் படிப்பதில்லை. தமிழ்ப்பள்ளியோடு நின்ற நம்மில் பலருக்கு, மருந்துக் கடைக்காரர் அவசரமாக மலாயில் கிறுக்கிக் கொடுப்பது புரிவதும் இல்லை. 'செபெலும் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்கு முன். 'செலெப்பாஸ் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்குப் பின். 'பெருட் கோசோங்' என்றிருந்தால் வெறும் வயிற்றில். 'ஹாபிஸ்கான்' என்றிருந்தால் கொடுத்தது முழுவதையும் முடிக்க வேண்டும். இந்த நாலையும் மனப்பாடம் செய்துவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது.

அடுத்து வருவது பாலைவிடப் பெரிய விஷயம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டு இந்தியர்களில் பெரியவர்களாகிய 10 பேரில் 3 பேருக்கு நீரிழிவு இருக்கிறது. மற்ற எந்த இனத்தைக் காட்டிலும் இது அதிகம். இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் சர்க்கரை மாத்திரை விழுங்குகிறோம் என்று கையைத் தூக்கச் சொன்னால் கூரை தெரியாது! கிளைபென்கிளமைடு, கிளிக்கிளசைடு என்ற சர்க்கரை மாத்திரைகளோடு கோ-டிரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லியோ சிப்ரோபிளாக்சசினோ சேர்ந்தால், சிலருக்குச் சர்க்கரை திடீரென்று தரைக்கு இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். கட்டிலில் இருக்கும்போது வந்தால் வீட்டார் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார்கள். விடியாத நேரத்தில், தனியாக, கையில் உளியோடு நிரையில் நிற்கும்போது வந்தால்? பேச்சுக்காகப் பயமுறுத்தவில்லை, தோழர்களே. அந்த மருந்து விழுங்கும் நாட்களில் சாப்பிடாமல் வேலைக்குப் போகக் கூடாது. மடியில் ஓர் இனிப்பு மிட்டாயாவது இருக்க வேண்டும்.

இருதய வியாதிக்காரர்களில் சிலர் இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் விழுங்குகிறார்கள். அவர்களுக்கு மெட்ரோனிடசோலும் கோ-டிரைமாக்சசோலும் ஆபத்தான கூட்டாளிகள். வார்பரினின் வேகம் கூடி, ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் வரலாம். மூளையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் விழுங்குகிறவருக்குக் கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் தசை கரைந்து சிறுநீரகத்தை அடைக்கக்கூடும். டாக்டருக்கு இதெல்லாம் தெரியும். நாம் என்னென்ன விழுங்குகிறோம் என்பதுதான் அவருக்குத் தெரியாது. செர்டாங் அரசாங்க ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கு ஒரு சீட்டு, பட்டணத்துத் தனியார் கிளினிக்கில் காய்ச்சலுக்கு ஒரு சீட்டு. ஒன்றின் கணக்கு மற்றதற்குப் போவதில்லை. கணக்குப் புத்தகம் இரண்டு வைத்தால் என்ன ஆகும் என்று கிராணிமார்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ!

காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் நேர் எதிரான குணமுள்ளது. அது கல்லீரலைத் தட்டி எழுப்பி, மற்ற மருந்துகளைச் சீக்கிரமாகக் கரைத்து வெளியேற்றச் சொல்கிறது. அதனால் சர்க்கரை மாத்திரையின் பலன் குறையும். கர்ப்பத்தடை மாத்திரையின் பலனும் குறையும். மாத்திரையை நம்பி இருக்கும் பெண்கள் வேறு வழியை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டுச் சும்மா இருந்தால் பிறகு வருந்த வேண்டி வரும். காசநோய்க்காரருக்கு முட்டையும் பாலும் ஆட்டிறைச்சியும் இல்லாவிட்டால் மருந்து கேட்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் இதை ஆராய்ந்தது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலும் மற்றொரு பகுதியினரைச் சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் வந்த முடிவு யாதெனில், வீட்டுச் சாப்பாடு மட்டமாக இருந்தும் மருந்தை ஒழுங்காக விழுங்கியவர்கள் சானடோரியத்தாரைப் போலவே குணமடைந்தார்கள். விசேஷ உணவு வாங்கக் காசில்லையே என்று யாரும் மனம் தளர வேண்டாம். ஒன்று மட்டும்: ஐசோனியசிட் விழுங்கும்போது சூரை போன்ற சில மீன் வகைகள் சிலருக்கு முகச்சிவப்பும் தலைவலியும் படபடப்பும் கொடுக்கும். அப்படி வந்தால் மீனை நிறுத்துங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இனிக் குடி. பல்வலிக்கும் வயிற்றுக் கிருமிக்கும் கொடுக்கும் மெட்ரோனிடசோலோடு கள்ளோ பீரோ சம்சுவோ சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரும் என்பது பழைய எச்சரிக்கை. அது அவ்வளவு நிச்சயமல்ல என்று அண்மைக்கால ஆராய்ச்சியாளர் சிலர் சொல்கிறார்கள். ஆயினும் மருந்து முடிந்து 2, 3 நாள் வரை குடிக்க வேண்டாம் என்றே மருந்துத் தாள்கள் இன்றும் சொல்கின்றன. 3 நாள் குடிக்காமலிருந்து யாரும் கெட்டதில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில், சரியான மருத்துவ வசதி வேண்டும் என்பதும் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரே பட்டியலில் இருந்தன. அந்தத் தலைமுறை சும்மா அப்படி எழுதவில்லை.

சத்து மாத்திரை, ஜாமு, லேகியம் இவற்றையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மலேசியாவில் முறையாகப் பதிவான மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். இரண்டும் இல்லாததை, இரவுச் சந்தையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை அதிகாரிகள் பிடித்திருக்கிறார்கள். பழைய காய்ச்சலில் மிச்சம் வைத்த மாத்திரையை அண்டை வீட்டாருக்குத் தானம் செய்வதையும் விட வேண்டும். அவருடைய மற்ற மாத்திரை என்ன என்று நமக்குத் தெரியுமா?

சம்பளத்தோடு சம்பந்தம் உண்டு என்று சொன்னோமே, அது இதுதான். மருந்தை நேரம் பார்த்து, சாப்பாடு பார்த்து விழுங்க வேண்டுமானால் ஓய்வு வேண்டும். நாள் போனால் கூலி போய்விடும் என்று பயந்து, காய்ச்சலோடு மரம் வெட்டப் போகிறவர் பலர். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, 2 ஆண்டுக்கும் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டு வரை 18 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுமுறை உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை உண்டு. டாக்டரின் எம்.சி. சீட்டு இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். சொல்லத் தவறினால் வராத நாளாகக் கணக்கெழுதிவிடுவார்கள். ஆபீசில் அந்தப் பேரேட்டை எழுதுவது நம் கைதான். ஆகவே தெரிந்துதான் சொல்கிறோம்.

மருந்துப் பையைக் கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் அந்த ஓர மேசைக்கு வரலாம். லேபிளில் எழுதியிருப்பதைத் தமிழில் படித்துச் சொல்கிறோம். விழுங்கிவரும் எல்லா மருந்தின் பெயரையும் ஒரே தாளில் எழுதியும் தருகிறோம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தத் தாளை அவர் மேசைமேல் வையுங்கள்.