விதை ஒரு கோப்பில், மருந்து மற்றொரு கோப்பில்



சரக்குக் கிடங்குகளும் இருப்புப் பாதைகளும் சூழ்ந்த, வட சென்னையின் யானைக்கவுனியில் வயல் என்று சொல்லத்தக்க நிலம் இல்லை. ஆயினும் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றுப் பயிர்களை அரசு எவ்வாறு ஒழுங்குபடுத்துகிறது என்ற கேள்வி இப்பகுதிக்கு அயலானது அன்று. இந்தியா உண்ணும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. அதில் சோயா எண்ணெயின் பெரும்பகுதி அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் விளைந்த சோயாவிலிருந்து பிழியப்படுகிறது. அந்த நாடுகளின் சோயா ஏறத்தாழ முழுவதும் களைக்கொல்லி தாங்கும் வகையே. அத்தகைய எண்ணெயின் இறக்குமதிக்கு 2007இல் இசைவு வழங்கிய இந்திய அரசு, அதே சோயாவை இந்திய மண்ணில் விதைக்க இன்றுவரை இசையவில்லை. பொட்டலத்தில் அடைத்த உணவில் மரபணு மாற்றுப் பொருள் இருப்பின் அதை மேலுறையில் குறிக்க வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்தும், மளிகைக் கடை எண்ணெய் உறைகளில் அக்குறிப்பைக் காண்பது அரிது. கப்பலில் வருவதற்கு ஒரு நீதியும் நிலத்தில் முளைப்பதற்கு மற்றொரு நீதியும் இருப்பது முரணாகத் தோன்றலாம். உண்பதும் விளைவிப்பதும் வெவ்வேறு விளைவுகளை உடையவை என்பதால் அது முழு முரண் அன்று. உண்மையான முரண் சட்டத்தின் வேறோர் இடத்தில் இருக்கிறது.

களைக்கொல்லி தாங்கும் பயிர் என்பது, வயலில் களைகளைக் கொல்லும் மருந்தைப் பயிரின் மீதே தெளித்தாலும் பயிர் மட்டும் பிழைத்திருக்கும்படி உருவாக்கப்பட்டது. கிளைபோசேட் என்னும் மருந்து, சில அமினோ அமிலங்களை உருவாக்கத் தாவரங்களுக்கு இன்றியமையாத ஒரு நொதியை, அதாவது உயிர்வேதி வினையை நடத்தும் புரதத்தை, முடக்கிச் செடியை வாடச் செய்கிறது. அம்மருந்துக்கு முடங்காத நொதியைத் தரும் மரபணு ஒன்று மண்வாழ் பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்பட்டுச் சோயாவில் செலுத்தப்பட்டது. 1996இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அந்த விதையின் தொழில்நுட்பமும் அதற்குரிய மருந்தும் மான்சாண்டோ என்ற ஒரே நிறுவனத்துடையவை. விதை வாங்குபவர் மருந்தும் வாங்குவார் என்பது வணிகக் கணக்கு மட்டுமன்று, அந்தப் பயிரின் இயல்பே அதுதான். மருந்தைத் தெளிக்காவிடில் அந்த விதைக்கு எந்தத் தனிச் சிறப்பும் இல்லை.

இந்த இணையை இந்தியச் சட்டம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. மரபணுவை ஆராய்வது 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 டிசம்பரில் வெளியிடப்பட்ட விதிகளும், அவ்விதிகளின்படி அமைந்த மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவும் ஆகும். மருந்தை ஆராய்வது 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதன் பதிவுக் குழுவும் ஆகும். (துறைமுகத்தை அண்டி வாழ்வோர் அறியத்தக்க ஒரு செய்தி: 1958இல் கேரளத்தில் கப்பலில் உணவுப் பொருளோடு ஏற்றப்பட்ட பாரத்தியான் நஞ்சு கலந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததன் பின்விளைவே அந்தச் சட்டம்.) விதையின் தரம் 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தைச் சேர்ந்தது, உணவான பின் அது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு கோப்பும் அதனதன் அளவில் முறையாக இருக்கலாம். ஆனால் இந்த விதையையும் இந்த மருந்தையும் சேர்த்து ஒரே வயலில் பத்து ஆண்டுகள் பயன்படுத்தினால் என்ன நேரும் என்ற கேள்வியை முழுமையாகக் கேட்கும் பொறுப்பு எந்த மேசையிலும் வைக்கப்படவில்லை.

வட சென்னை இத்தகைய குறையைத் தன் காற்றில் அறிந்திருக்கிறது. மணலியின் ஒவ்வோர் ஆலையும் தனித்தனியே இசைவு பெற்றது. அவற்றின் கூட்டுச் சுமையை எந்த இசைவும் அளக்கவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் தொழிற்பகுதிகளை முழுமையாக அளந்து குறியீடு வெளியிட்டபோது, 70ஐத் தாண்டியவை கடும் மாசுப் பகுதிகள் என வகுக்கப்பட்டன, மணலி 76.32 பெற்றது. 2010 ஜனவரியில் அத்தகைய பகுதிகளில் புதிய ஆலைகளுக்கான சுற்றுச்சூழல் இசைவை நிறுத்தி வைத்ததும், அடுத்த மாதம் 9ஆம் நாள் பூச்சியைத் தாங்குமாறு மரபணு மாற்றிய பிடி கத்தரிக்காயின் வெளியீட்டை நிறுத்தி வைத்ததும் அப்போது ஜெய்ராம் ரமேஷின் பொறுப்பில் இருந்த ஒரே சுற்றுச்சூழல் அமைச்சகம்தான். ஆலைகள் விஷயத்தில் கூட்டாக அளக்கக் கற்ற அந்த அமைச்சகம், பயிர் விஷயத்தில் அந்தப் பாடத்தைக் கொண்டுசெல்லவில்லை.

இந்தப் பிளவின் விளைவைப் பருத்தியில் காணலாம். பூச்சியைத் தாங்கும் பிடி பருத்திக்கு 2002 மார்ச்சில் ஒப்புதல் கிடைப்பதற்கு முன்பே, 2001இல் குஜராத்தில் நவபாரத் 151 என்ற பெயரில் ஒப்புதல் பெறாத பிடி விதை வயல்களில் நின்றது. அதை அழிக்க ஆணையிட்ட மதிப்பீட்டுக் குழுவே சில மாதங்களில் அத்தொழில்நுட்பத்துக்கு இசைவு தந்தது. விதை முன்னே, விதி பின்னே என்ற பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. களைக்கொல்லியையும் பூச்சியையும் சேர்த்துத் தாங்கும் அடுத்த வகைக்கு மஹிகோ நிறுவனம் விண்ணப்பித்து, தொழில்நுட்ப உரிமம் பற்றிய அரசின் நெறிமுறைகளால் அதிருப்தியுற்று 2016இல் அதைத் திரும்பப் பெற்றது. விண்ணப்பம் திரும்பியது, விதை திரும்பவில்லை. மகாராட்டிரம், ஆந்திரம், தெலங்கானா, குஜராத் ஆகிய மாநிலங்களில் முகவரி இல்லாப் பொட்டலங்களில் அது விற்கப்பட்டது. 2019 ஜூனில் அகோலா மாவட்டத்தின் அகோலி ஜஹாங்கீர் என்னும் சிற்றூரில், சரத் ஜோஷி நிறுவிய ஷேத்கரி சங்கடனா என்ற உழவர் அமைப்பினர் அதைப் பகிரங்கமாகவே விதைத்துச் சட்டத்தை மீறினர். ஐந்து ஆண்டு வரை சிறை என்ற அக்காலத் தண்டனையும் அவர்களைத் தடுக்கவில்லை. (அச்சிறைத் தண்டனை 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டத்தால் பண அபராதமாக மாற்றப்பட்டுவிட்டது.)

மருந்தின் கோப்பில் நடந்ததோ விந்தையானது. இந்தியாவில் கிளைபோசேட்டுக்குத் தரப்பட்ட பதிவு தேயிலைத் தோட்டங்களுக்கும் பயிரிடாத நிலங்களுக்கும் உரியது; பருத்தி அதில் இல்லை. ஆயினும் கடையில் வாங்கிய குப்பி எந்த வயலுக்குச் செல்கிறது என்பதை அந்தப் பதிவால் பின்தொடர முடியாது. இந்நிலையில் வேளாண் அமைச்சகம் 2022 அக்டோபரில், உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளர் வழியாக மட்டுமே அம்மருந்தைப் பயன்படுத்தலாம் என ஆணையிட்டது. சென்னையின் அடுக்குமாடிகளில் கரையானுக்கும் கரப்பானுக்கும் மருந்து அடிக்க வரும் அந்தத் தொழிலினர் மகாராட்டிரத்து விதர்ப்பாவின் பருத்திக் காட்டில் எங்கே கிடைப்பார்கள் என்பதை ஆணை விளக்கவில்லை. தடுப்பதாகவும் தெரிய வேண்டும், தடுக்கவும் கூடாது என்று எண்ணி எழுதப்பட்ட ஆணை இது என்று ஒருவர் கருதினால் அவரைக் குறை கூற இயலாது.

கடுகின் கதை நீதிமன்றத்துக்குச் சென்றது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பெண்டல் தலைமையிலான குழு உருவாக்கிய டிஎம்எச் 11 என்ற வீரிய ஒட்டுக் கடுகில், ஒட்டு விதை உற்பத்திக்குத் துணையாகக் குளுபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் ‘பார்’ மரபணுவும் இருக்கிறது. 2022 அக்டோபரில் அதைச் சுற்றுச்சூழலில் வெளியிட இசைவு தந்தபோது, களைக்கொல்லியை விதை உற்பத்தியில் மட்டும் பயன்படுத்தலாம், உழவர் வயலில் கூடாது என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. ஆகவே அது களைக்கொல்லி தாங்கும் பயிராகக் கருதத்தக்கது அன்று என அரசு வாதிட்டது. செடியின் உடலில் இருக்கும் பண்பை ஒரு நிபந்தனைத் தாளால் இல்லாமற் செய்ய முடியும் என்ற அந்த வாதம் பருத்தியின் இருபது ஆண்டு அனுபவத்தை மறந்தது. 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி. வி. நாகரத்னா அந்த இசைவைச் செல்லாது என்றார், நீதிபதி சஞ்சய் கரோல் செல்லும் என்றார். வழக்கு பெரிய அமர்வை நோக்கிச் சென்றது. மரபணு மாற்றுப் பயிர்களுக்கு ஒரு தேசியக் கொள்கையை, மாநிலங்களையும் உழவர்களையும் கலந்து ஒன்றிய அரசு வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

அக்கொள்கை எதைக் கேள்வியாகக் கொள்ள வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒரு நெல்லே சான்று. நாகினா 22 என்ற பழைய நெல்லின் விதைகளில் வேதிப்பொருளால் திடீர் மாற்றத்தைத் தூண்டி, இமாஸெத்தாபிர் என்னும் களைக்கொல்லியைத் தாங்கும் ஒரு செடியைக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆய்வாளர் எஸ். ராபின் இனங்கண்டார், அவர் பெயரையே தாங்கும் அந்த வழியிலிருந்து பெற்ற மரபணுவைக் கொண்டு இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பூசா பாசுமதி 1979, 1985 என்ற இரகங்களை உருவாக்கி 2021இல் வெளியிட்டது. நாற்று நடாமல் நேரடியாக விதைக்கும் நெல்லுக்குக் களையே முதற்பகை என்பதால், இது மதிக்கத்தக்க ஆய்வு. ஆனால் அயல் மரபணு ஏதும் சேர்க்கப்படாததால் 1989ஆம் ஆண்டு விதிகள் இதைத் தொடவே இல்லை. வயலில் நடப்பது ஒன்றே: மருந்து தெளிக்கப்படும், நெல் நிற்கும், களை மடியும், களைநெல்லோடு மகரந்தம் கலந்தால் தாங்கும் பண்பு களைக்கும் சென்று சேரும். இதே வகைத் தொழில்நுட்பத்தைக் கொண்ட நெல்லை 2002 முதல் பயிரிட்ட அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அவ்வாறே நேர்ந்தது. மரபணுப் பொறியியலால் பிறந்த பயிரிலும் முடிவு வேறன்று: கிளைபோசேட்டுக்கு மடியாத, நம் தண்டுக்கீரையின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு களை 2005இல் ஜார்ஜியா மாநிலத்தில் உறுதி செய்யப்பட்டு, பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவியது. களைக்குப் பயிரின் பிறப்புச் சான்றிதழ் தெரியாது.

கனடா இவ்விடத்தில் தெளிவான வழியைப் பின்பற்றுகிறது: பண்பு புதியதாயின், அது மரபணுச் செலுத்தலால் வந்ததோ தூண்டிய திடீர் மாற்றத்தால் வந்ததோ, ஒரே ஆய்வுக்கு உட்பட வேண்டும். இந்தியா மறுதிசையில் செல்கிறது. 2022 மார்ச்சில், அயல் மரபணு எஞ்சாத மரபணுத் திருத்தப் பயிர்களையும் 1989 விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. விலக்கு தவறு என்பதன்று. பிறப்பு முறையை மட்டுமே வாயிலாக வைத்தால், வாயிலைத் தவிர்க்கும் முறைகள் பெருகும்போது வாயிற்காவலருக்கு வேலை இருக்காது என்பதே கவலை.

உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்ப வல்லுநர் குழு 2013இல், களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் இந்தியச் சூழலுக்கு முற்றிலும் பொருந்தாதவை என்றது. குழு உறுப்பினர் ஒருவர் தனி அறிக்கை தந்தார். குழுவின் காரணங்களுள் வயல் அமைப்பும் கூலியும் அடங்கும். ஓரிரு ஏக்கரில் துவரையும் உளுந்தும் ஊடுபயிராக நிற்கும் வயலில் மருந்து தெளித்தால் ஊடுபயிரும் களையோடு கருகும். களை எடுக்கும் வேலை நிலமற்ற பெண்களின் கூலி. மறுபுறம், ஆள் கிடைக்காமல் பருவம் தவறும் உழவரின் இடரும் பொய்யன்று; அகோலாவில் விதைத்தவர்கள் அதனால்தான் விதைத்தனர். எனினும் முழுத் தடை என்ற விடை, கண்காணிப்பு இல்லாத நாட்டில் நேர்மையான பொது நிறுவனங்களை மட்டும் நிறுத்துகிறது, பொட்டல வணிகரை நிறுத்துவதில்லை. விதைக்கும் அதற்குரிய மருந்துக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே ஆய்வு, வெளியிட்ட பின் ஆண்டுதோறும் களை எதிர்ப்பாற்றல் பற்றிய பொது அறிக்கை, குறித்த காலத்துக்குப் பின் மறு இசைவு ஆகியவற்றை வேண்டும் கொள்கையே அந்த இரு கோப்புகளையும் ஒன்றாகக் கட்டும்.

அதற்கான இருக்கைகள் சில ஏற்கெனவே சட்டத்தில் போடப்பட்டுள்ளன. 1989 விதிகளின்படி, தேவைப்படும் மாவட்டங்களில் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு அமைய வேண்டும். தொழிற்சாலை ஆய்வாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பிரதிநிதி, தலைமை மருத்துவ அலுவலர், வேளாண் அலுவலர், நுண்ணுயிரியலாளர், மாநகராட்சி ஆணையர் ஆகியோர் அதில் இடம்பெறுவர். பல மாவட்டங்களில் இக்குழு தாளளவிலேயே இருக்கிறது. வேதியியலும் நுண்ணுயிரியலும் சட்டமும் வணிகமும் கற்று இன்று யானைக்கவுனியில் பட்டம் பெறுவோருள் சிலர் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த இருக்கைகளில் அமர்வர். அப்போது அவர்கள் முன் வரும் விண்ணப்பத்தில் விதையின் பெயர் மட்டும் இருந்து மருந்தின் பெயர் இல்லையெனில், அதைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு இருக்குமா என்பதை இனி எழுதப்படவிருக்கும் அந்தக் கொள்கைதான் முடிவு செய்யும்.