தேயிலைப் பெட்டியில் சிரிக்கும் பெண்
(தோட்டக் கமிட்டி, மாதர், இளைஞர் பிரதிநிதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேயிலைப் பெட்டியில் இருக்கிற படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பச்சை மலை, முதுகில் கூடை, சிரித்த முகத்தோடு ஒரு பெண். அந்தப் படத்தில் அட்டைக்கடி இல்லை, மழை இல்லை, அரைப்பேர் இல்லை. காலம் காலமாக நம்மை மற்றவர்கள்தான் வரைந்தார்கள். தேயிலையை விற்பதற்காக வரைந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. நம் கதையை நாமே வரைந்து ஊருக்குக் காட்டலாம். அதனால் என்ன நடக்கும், எதில் கவனம் வேண்டும் என்று பேசத்தான் நாங்கள் வந்திருக்கிறோம்.

2018ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அப்போது நம் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். 1000 ரூபாய் கேட்டோம். ஒக்டோபர் 24ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் மலையக இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கறுப்பு உடையோடு திரண்டார்கள். அந்த அழைப்பு பேஸ்புக் வழியாகத்தான் பெரும்பாலும் பரவியது. கறுப்பு உடை, 1000 என்ற இலக்கம். வாசிக்கத் தெரியாத நம் பாட்டிமாருக்கும் அது விளங்கியது. கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்கிற பிள்ளைகள், "நானும் தோட்டத்துப் பிள்ளைதான்" என்று வெளியே வந்து நின்றார்கள்.

ஆனால் அடுத்ததையும் மறக்கக்கூடாது. 2019 ஜனவரியில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய்தான். 1000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். அதுவும் 900 சம்பளம், 100 கொடுப்பனவு என்று பிரித்து. கறுப்பு உடைப் படம் ஒரே நாளில் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. சம்பளம் வர ஏறக்குறைய இரண்டரை வருடம் பிடித்தது. படத்தைப் பகிர்ந்துவிட்டு வேலை முடிந்தது என்று படுத்துவிட முடியாது, தோழர்களே.

அப்படியென்றால் படத்தால் பயனே இல்லையா? பயன் இல்லாவிட்டால் ஆட்சியில் இருப்பவர்கள் ஏன் பயப்படுகிறார்கள்? 2022 ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் முடக்கியது. அந்தத் தடை ஒரு நாள்கூட முழுதாக நிற்கவில்லை. 9ஆம் திகதி அதே காலிமுகத்திடலில் சனம் கூடியது. கூடாரம் அடித்து அங்கேயே தங்கியது. போனில் சுற்றிய வாசகமும் கேலிச்சித்திரமும் அட்டையில் ஏறிச் சனத்தின் கைக்கு வந்தன. ஜூலையில் ஜனாதிபதி பதவி விலகினார்.

பயப்படுகிறவர்கள் சில நேரம் வரைந்தவரையே பிடிப்பார்கள். தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 2017 ஒக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் தீக்குளித்தது. தகப்பன், தாய், இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். முதலமைச்சரும் ஆட்சியரும் பொலிஸ் அதிகாரியும் பணத்தால் தங்கள் மானத்தை மூடிக்கொண்டு நிற்பதாகக் கார்ட்டூனிஸ்ட் ஜி. பாலா வரைந்து பேஸ்புக்கில் போட்டார். நவம்பர் 5ஆம் திகதி அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் பிணை கிடைத்தது. கைதான செய்தி கேட்டு, அதுவரை அந்தப் படத்தைப் பார்க்காதவர்களும் தேடிப் பார்த்தார்கள். வட்டிக்கடன் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று லயத்தில் இருக்கிற நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. நாங்கள் படிப்பிக்கிற பிள்ளை ஒருத்தி அந்தத் தேயிலைப் பெட்டிப் பெண்ணை வரைந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கூடையில் கொழுந்துக்குப் பதிலாகச் சம்பளத் துண்டு. படம் போனுக்குப் போன் போனது. பிள்ளை பேர் போடவில்லை. ஆனால் வாசற்படியில் வைத்துப் படம் பிடித்ததால் மூலையில் லயத்து இலக்கம் விழுந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் பிரட்டுக்களத்தில் தாயைக் கூப்பிட்டு, "இனி உனக்கு வேலை இல்லை" என்று சொன்னார்கள்.

அன்றைக்கு அந்த மலைப் பெண்கள் யாரும் கூடையைத் தூக்கவில்லை. எல்லோரும் ஒபிசுக்குப் போனார்கள். "நாங்களும்தான் அந்தப் படத்தை அனுப்பினோம், எங்கள் எல்லார் பேரையும் எழுதுங்க ஐயா" என்றார்கள். தலைவரும் கமிட்டியும் கூடவே நின்றார்கள். அந்தத் தாய் அடுத்த நாளும் வேலைக்குப் போனார். ஆனால் மூலையில் விழுந்த அந்த இலக்கத்தை நாங்களும் கவனிக்கவில்லை. அது எங்கள் பிழை.

அதனால் ஒரு படத்தை அனுப்புமுன் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, நாம் என்ன கேட்கிறோம் என்று படத்தைப் பார்த்தவுடன் விளங்குகிறதா? வெறும் கோபம் மட்டும் இருந்தால் பார்த்தவர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

இரண்டாவது, படத்தில் உள்ள கணக்கு சரியா? பழைய படமா, வேறு ஊர்ப் படமா? ஒரு பொய் அகப்பட்டால் நம் உண்மை அத்தனையையும் பொய் என்பார்கள்.

மூன்றாவது, யாருடைய முகமாவது, பேராவது, லயத்து இலக்கமாவது விழுந்திருக்கிறதா? அதனால் வேலை போகக்கூடியவரிடம் கேட்டீர்களா?

ஒருவரின் சாதியை, உடம்பை, வீட்டுப் பெண்களைக் கேலி செய்கிற படம் நம் குழுவுக்குள் வரவே கூடாது.

ஒவ்வொரு டிவிஷனிலும் வரையத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கமிட்டிக் கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். கோரிக்கையை நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் வரையட்டும். டேட்டா போட வசதி இல்லாத வீடுகளுக்காக ஒரு பிரதி எடுத்துச் சங்கப் பலகையில் ஒட்டுங்கள். அந்தப் பிள்ளைக்கோ தாய்க்கோ ஒரு பிரச்சினை வந்தால், அன்றைக்குப் போல எல்லோரும் போய் நிற்க வேண்டும். அந்த உறுதியைக் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளை கையில் பென்சிலைக் கொடுக்க வேண்டும்.