கூரை நீரும் குடும்பச் சிக்கனமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராகக் காலங்கழிப்பவன் நான். மேடையேறிப் பேசும் புலமை எனக்கில்லை. எனினும், வீட்டுச் சிக்கனம் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கச் செயலாளர் பணித்தார். மாதக் கடைசியில் பணப்பையைத் தடவிப் பார்க்கும் எவனுக்கும் இதைப் பேச உரிமை உண்டு என்னும் துணிவில் இங்கு நிற்கிறேன்.

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. வேண்டிய செலவையும் செய்யாதிருப்பது கருமித்தனம். வேண்டாத இழப்பைத் தடுப்பது சிக்கனம். இதனை நான் நூலில் கற்கவில்லை. என் அன்னையாரிடம் கற்றேன். அதுவும் காலந்தாழ்த்தே கற்றேன்.

அன்னையார் நெல்லை மாவட்டத்து இராதாபுரம் பக்கத்தவர். மழை குறைந்த சீமை அது. சில ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதத்தில், கொச்சங்காடியிலுள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். ஓட்டுக் கூரையிலிருந்து மழைநீர் அருவிபோல் வழிந்து சாக்கடைக்குப் போவதைக் கண்டு அவருக்கு மனம் பொறுக்கவில்லை. வீட்டிலிருந்த அண்டா, குடம், வாளி அனைத்தையும் இறவாரத்தின் கீழ் வரிசையாக வைத்துவிட்டார். அக்கம்பக்கத்தார் நகைப்பார்களே என்று நான் அவற்றை உள்ளே எடுத்து வைத்தேன். "ஏலே, வானம் சும்மா கொடுக்கதை வேண்டாம்னு தள்ளாதே" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பங்குனியில் எங்கள் தெருக்குழாயில் ஐந்து நாள் நீர் வரவில்லை. கிணற்று நீரோ உவர். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கென ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் கைவைத்து, லாரித் தண்ணீர் வாங்கினேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அம்மாவின் சொல்லே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

அன்பர்களே, நாம் வாழ்வது உப்பங்கழி சூழ்ந்த நிலம். முற்காலத்தில் ஆலுவாயிலிருந்து பெரியாற்று நீரை வள்ளங்களில் ஏற்றி இங்குக் கொண்டுவந்தனர். ஆனால் கேரளத்தில் ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தமிழ்நாட்டிலோ 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. மழை நடுவே இருந்துகொண்டு தண்ணீருக்குப் பணம் கொடுக்கிறோம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடிக்கு 20 அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் நீர் விழுகிறது. சிந்துவதும் சிதறுவதும் போக 700 லிட்டர் பிடித்தாலும், 15 லிட்டர்க் குடத்தால் 46 குடம் ஆயிற்று.

முறை எளிது. இறவாரத்தில் தகரப் பீலி கட்டி, குழாய் வழியே தொட்டிக்கு விடுங்கள். பருவத்தின் முதல் மழை கூரைத் தூசியைக் கழுவட்டும். அந்நீரைப் பிடிக்க வேண்டா. பின்பு வரும் ஒவ்வொரு மழையிலும் முதல் பத்து நிமிட நீரை வெளியே விட்டுவிடுங்கள். தொட்டி வாயில் இரண்டாக மடித்த துணியை இறுகக் கட்டுங்கள். குப்பையும் சேராது, கொசுவும் முட்டையிடாது. குடிப்பதற்காயின் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு 50 டாங்கர் பெட்டிகளில், நடையொன்றுக்கு ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் குடிநீர் இரயிலில் சென்றது. இரயில்வேக்காரன் என்ற முறையில் பெருமையடைந்தேன்; தமிழன் என்ற முறையில் கவலையடைந்தேன்.

நீரைப் போலவே மற்றவையும். கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் இடத்திலுள்ள தோபிகானாவைப் பார்த்திருப்பீர்கள். பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பத்தார் அங்கே சோற்றுக் கஞ்சியால் துணிக்கு விறைப்பு ஏற்றுகின்றனர். முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணி முனையைச் செருகி உலர்த்துகின்றனர், கிளிப்பு வேண்டியதில்லை. வீட்டில் வடிக்கும் கஞ்சியை நாம் கொட்டிவிட்டு, விறைப்புப் பொடியைக் கடையில் வாங்குகிறோம்.

அரிசி களைந்த கழுநீர் கறிவேப்பிலைக் கன்றுக்கு உரம். காய்கறித் தோலை ஓட்டையிட்ட மண்பானையில் காய்ந்த சருகோடு மாறி மாறிப் போட்டு வைத்தால், சில மாதங்களில் எருவாகும். தேங்காய் நார் பாத்திரம் துலக்க உதவும், சிரட்டை அகப்பையாகும். வைகாசி பாதியில் மழை தொடங்கிவிடும். ஆகையால் பங்குனி, சித்திரை வெயிலிலேயே வற்றல், வடகம் போட்டு, புளியை உப்பிட்டு ஜாடியில் அடைத்துவிடுங்கள். அனைத்திற்கும் மேலாக, நாலணாவானாலும் நாட்குறிப்பில் எழுதுங்கள். எழுதிப் பார்த்த செலவு அடுத்த மாதம் தானே குறையும்.

சென்ற ஆண்டு அன்னையார் மீண்டும் வந்தார். முற்றத்துத் தொட்டியின் துணியை அவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு செம்பு மொண்டு கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றிவிட்டு, துணியைப் பழையபடி இறுகக் கட்டினார். மேலதிகாரியிடம் பெற்ற எந்தப் பாராட்டும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை.

பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்தோம். ஊரார் பழக்கங்களை விட்டுவிட வேண்டுவதில்லை. வரும் இடவப்பாதிக்குள் நம் காலனியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தொட்டியாவது அமைய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!