காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பேனா



சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு அன்று விடுப்பு. முந்தின இரவே அரிசி ஊறவைக்க மறந்துபோய், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டேன். ஒன்பது மணிக்குக் கிரைண்டரைக் கழுவி, உளுந்தை அள்ளிப்போட்டு, ஸ்விட்சைத் தட்டினேன். கல் நாலு சுற்றுச் சுற்றியது, நின்றுவிட்டது. மின்விசிறியும் நின்றுவிட்டது. மதுரைக்குப் பக்கத்தில் நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்க அந்த நேரத்தில் ஒரு அமைதி.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "மாதாந்திரப் பராமரிப்புடா தங்கம். சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வரும். நேத்துப் பேப்பர்ல போட்டிருந்தாகளே, நீ பாக்கலையா?"

அந்தப் பேப்பர் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அதை விரித்துப் போட்டுத்தான் முந்தின நாள் முருங்கைக்கீரை உருவியிருந்தேன்.

உளுந்து சாயங்காலம்வரை தாக்குப்பிடிக்கவில்லை. வழவழத்து, ஒரு வாடை அடித்தது. கொட்டிவிட்டுக் கடையில் மாவுப் பாக்கெட் வாங்கிவந்தேன். அதோடு முடிந்ததா? இரவு எட்டு மணிக்கு மகன் வந்து நிற்கிறான். "அம்மா, நாளைக்கு வெள்ளைச் சட்டை." புதன்கிழமை என்றால் அவன் பள்ளிக்கூடத்தில் வெள்ளைச் சீருடை. அது அழுக்குக் கூடையின் அடியில், போன புதன்கிழமைச் செம்மண்ணோடு அப்படியே கிடந்தது. நான் அவனைத் திட்ட, அவன் அவன் அப்பாவைப் பார்க்க, அவர் டிவி சத்தத்தைக் குறைக்க, அத்தை, அதாவது என் மாமியார், எழுந்து மாடத்து விளக்கை மலையேற்றிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்துப் பார்த்தேன். நடந்ததில் எதிர்பாராதது என்று ஒன்றுகூட இல்லை. கரண்ட் போகும் என்று ஒரு நாள் முன்பே தெரிவித்துவிட்டார்கள். புதன்கிழமை வாரம் தவறாமல் வருகிறது. மாவு மூன்று நாளில் தீரும் என்பது அடுப்படிக்குப் புதிய செய்தி இல்லை. நம் வீடுகளைக் கலக்குவது பெரும்பாலும் பெரிய சங்கடங்கள் அல்ல. நேரம் சொல்லிவிட்டு வருகிற விருந்தாளிக்கு, ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து பார்த்துத் திடுக்கிடுகிறோம். அவ்வளவுதான்.

இதைப்பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நம் வீட்டில் திட்டம் போடுவதற்கென்று ஒரு கருவி ஏற்கெனவே சுவரில் தொங்குகிறது. மளிகைக்கடையிலோ நகைக்கடையிலோ கொடுத்த மாதக் காலண்டர். மதுரைக்குத் தெற்கே சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுவிடுவார்கள். ஆடியில் நமக்கு அம்மன் கோயில் கூழ் நினைவு. அவர்களுக்கு வருகிற தை. முன்யோசனைக்கு ஓர் ஊரையே உதாரணம் காட்டலாம் என்றால் சிவகாசியைக் காட்டலாம். அப்படி அச்சாகி வருகிற தாளில் நாம் என்ன எழுதுகிறோம்? பால் வாங்காத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. சிலிண்டர் மாட்டிய தேதி. கரண்ட் பில்லுக்கு ஒரு வட்டம். நடந்து முடிந்ததைத்தான் எழுதுகிறோம். நடக்கப்போவது எங்கே எழுதியிருக்கிறது? வீட்டுப் பெண்ணின் தலைக்குள்.

எங்கள் அத்தைக்கு எழுபத்தைந்து வயதாகிறது. செக்கானூரணிப் பக்கத்துக் கிராமம். அவர் எந்தக் காலத்திலும் ஒரு பட்டியல் எழுதியவர் இல்லை. ஆனால் அவருடைய வாரம் கல்வெட்டு மாதிரி இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் விளக்குகளைப் புளிபோட்டுத் துலக்குவது. வெள்ளிக்கிழமை விடியலில் வீடு முழுக்கக் கழுவிவிட்டு, நிலைப்படிக்கு மஞ்சள். வெள்ளி பெண்களுக்கு எண்ணெய்க்குளியல், சனி ஆண்களுக்கு. ஞாயிறு கறி. சந்தை நாளில் வாரத்துக்கான காய். செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் கவுச்சி கிடையாது.

இதையெல்லாம் சாஸ்திரம் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு, சாஸ்திரம் என்று கும்பிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. "இந்த வாரம் வீட்டை எப்பக் கழுவலாம்?" என்று அந்த வீட்டில் யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை லட்சுமி வருகிறாள், அவ்வளவுதான், முடிவு எடுத்தாயிற்று. எண்ணெய்க்குளியலை ஏன் இரண்டு நாளாகப் பிரித்தார்கள்? ஒரே அண்டா வெந்நீர், ஒரே கல், பத்துப் பேர் குடும்பம். ஒரே நாளில் எல்லாரும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு நின்றால் வாசலில் வரிசை கட்டவேண்டியதுதான். இது என் ஊகம். அத்தையிடம் சொன்னேன். "அதெல்லாம் இல்லை, சனி நீராடணும்னு பெரியவுக சொல்லிருக்காக" என்று முடித்துவிட்டார்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாஷிங் மெஷின் வருவதற்கு முன் திங்கட்கிழமைதான் துணி துவைக்கும் நாள். ஏன் திங்கள்? ஞாயிற்றுக்கிழமை சமைத்த இறைச்சி மிச்சமிருக்கும். அதையே ஆறிப்போனபடி தின்றுவிட்டால், துணி வெளுக்கிற அன்று அடுப்புப் பக்கம் போகவேண்டியதில்லை. நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பைச் சுண்டவைத்துத் திங்கட்கிழமைக் காலை தோசைக்குத் தொட்டுக்கொள்கிறோமே, அதே கணக்கு. ருசியிலும் அந்தப் பழங்குழம்புதான் ஒரு படி மேல் என்பது என் கட்சி.

ஆனால் அத்தையின் வாரத்தில் ஒரு குறை உண்டு. அந்தக் கல்வெட்டு அவர் ஒருவர் மனசில் மட்டும்தான் இருந்தது. அவருக்கு ஒரு தடவை டைபாய்டு வந்து படுத்தபோது, வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட மாமாவுக்குத் தெரியவில்லையாம்.

இன்றைக்கும் அதில் பெரிய மாற்றமில்லை. மத்திய அரசின் புள்ளியியல் துறை, மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 2019-இலும் 2024-இலும் கணக்கெடுத்தது. 2024 கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிஷம். ஆண்கள் 88 நிமிஷம். பரவாயில்லையே, ஒன்றரை மணி நேரம் செய்கிறார்களே என்று தோன்றும். பொறுங்கள். அந்த 88, வீட்டுவேலையில் கை வைத்த ஆண்களுக்கான சராசரி. அப்படிக் கை வைத்தவர்கள் ஆண்களில் கால்வாசிக்குச் சற்று மேல்தான். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்களே, அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் மகளிர் உரிமைத்தொகை என்று வைத்தது இந்த உழைப்பை மனதில் கொண்டுதான்.

அந்த 289 நிமிஷத்தில் சேராத ஒரு வேலை இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் நடக்கிற வேலை. சீரகம் தீரப்போகிறது, வெள்ளிக்கிழமை முகூர்த்தம், மொய்க்குச் சில்லறை மாற்ற வேண்டும், அத்தையின் பிரஷர் மாத்திரை நாலுதான் மிச்சம், நல்ல தண்ணீர் நாளைக்கு வரும் நாள், குடத்தைக் கழுவி வைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். "நீ சொன்னா நான் செய்யமாட்டேனா?" என்பார். செய்வார்தான். அந்தச் சொல்வதுதான் வேலை என்பது அவருக்குப் புரிய எனக்குப் பதினாறு வருஷமும் ஒரு புளித்த உளுந்தும் தேவைப்பட்டன.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி நடுவீட்டில் வைத்தேன். நாலு பேரும் உட்கார்ந்தோம். முதல் வாரம் நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் ஏழு நாளுக்கு மூன்று வேளை, இருபத்தொரு சாப்பாடு, அதற்கு எதிரே வெஞ்சனம், எல்லாம் கட்டம் போட்டு எழுதினேன். செவ்வாய் வரை ஓடியது. புதன்கிழமை எங்கள் வீட்டுக்காரரின் சித்தப்பா பேருந்து நிலையத்திலிருந்து போன் செய்தார், சாப்பிட வருகிறேன் என்று. கட்டம் உடைந்தது. வியாழக்கிழமை நானே அந்தத் தாளில் மிளகாய்வற்றல் காயப்போட்டேன்.

இரண்டாவது வாரம் குழம்பை மட்டும் எழுதினோம். திங்கள் சாம்பார், செவ்வாய் புளிக்குழம்பு, புதன் பருப்பும் ரசமும், வெள்ளி மறுபடி சாம்பார் வகையில் ஏதாவது, சனி மோர்க்குழம்பு, ஞாயிறு கறியோ மீனோ. வியாழக்கிழமைக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. அது கிடப்பதைத் தின்கிற நாள். வாரத்தில் ஒரு நாள் வெறுமையாக விட்டால்தான் மற்ற நாள்கள் நிற்கும் என்று சித்தப்பா புண்ணியத்தில் தெரிந்துகொண்டேன். புரட்டாசி வந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் மாறும், அமாவாசை வந்தால் அதுவும் மாறும். காலண்டரிலேயே இருக்கிறதே.

காய்க்கு ஒரே சந்தை. உழவர் சந்தை என்ற ஏற்பாடே 1999 நவம்பர் 14 அன்று முதன்முதலில் மதுரையில்தான் தொடங்கியது, அண்ணாநகரில். எங்களுக்குப் பழங்காநத்தம் பக்கம். ஞாயிறு காலை எங்கள் வீட்டுக்காரரும் மகனும் போகிறார்கள். வாசலில் அன்றைய விலைப்பலகை இருக்கும், அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, "வெண்டைக்காய் வாங்கவா?" என்று கேட்பார்கள். இப்போது கேட்பதில்லை. காய்களுக்கும் ஒரு ஆயுள் இருக்கிறது என்று எழுதி ஒட்டிவிட்டேன். கீரையும் வாழைப்பூவும் வாங்கிய அன்றும் மறுநாளும். வெண்டை, பீர்க்கு, புடலை அடுத்த மூன்று நாளுக்குள். கத்தரி, முருங்கை அதற்குப் பின். சேனை, கருணை, பூசணி, உருளை வாரக்கடைசிவரை பொறுத்திருக்கும். முதலில் சாகிறதை முதலில் சமைப்பது. இது தெரியாத சமையல்காரி கிடையாது. வாங்கப்போகிறவருக்குத் தெரியாமல் இருந்ததுதான் சிக்கல்.

மாவுக்கு வருகிறேன், அங்கேதானே தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் புதன்கிழமை சாயங்காலமும் ஆட்டுகிறோம். நாலுக்கு ஒன்று, கொஞ்சம் வெந்தயம். சித்திரை வெயிலில் ஏழு மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும், மார்கழியில் விடியும்வரை அசையாது. எனவே கோடையில் ராத்திரி படுக்கப்போகும் நேரத்தில்தான் ஆட்டி முடிப்போம். ஞாயிறு ஆட்டியது திங்கட்கிழமை இட்லி. செவ்வாய் தோசை. புதன்கிழமை கொஞ்சம் புளித்திருக்கும், வெங்காயம் பச்சைமிளகாய் நறுக்கிப்போட்டுக் குழிப்பணியாரம். மூன்று நாளைக்கு "காலையில என்ன?" என்ற கேள்வியே வீட்டில் எழாது. மாவு தானே பதில் சொல்லிவிடுகிறது. உளுந்து கழுவி ஊறப்போடுவது இப்போது மகனுடைய வேலை. பன்னிரண்டு வயது. முதல் தடவை அரிசியையும் உளுந்தையும் ஒரே பாத்திரத்தில் போட்டுவிட்டான். அன்று அடை சுட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம்தான் நாங்கள் காலண்டர் முன்னால் உட்காருவது. கரண்ட் நிறுத்தம் எந்த நாள் என்று பேப்பரில் பார்த்தவர் வட்டம் போட வேண்டும், அது என் வேலை இல்லை, யார் பார்த்தாரோ அவர் வேலை. மாத்திரை, அத்தையே எண்ணிச் சொல்வார். வெள்ளைச் சட்டை செவ்வாய் காலையிலேயே கொடியில் ஏறிவிடும். மதுரை வெயிலுக்கு இரண்டு மணி நேரம் போதும். வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது அத்தையின் கணக்குப்படியே தொடர்கிறது, வாளி தூக்குபவர்தான் மாறியிருக்கிறார். அத்தை சொல்ல, அவர் மகன் தண்ணீர் ஊற்றித் தள்ளுகிறார். "ஓரத்துல தேய்டா" என்று அவர் அதட்டுவதைக் கேட்டபடி காபி குடிப்பது, சொன்னால் பாவம், எனக்கு வாரத்திலேயே பிடித்த பத்து நிமிஷம்.

சண்டை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. குறைந்திருக்கிறது. போன மாதம்கூட சிலிண்டர் தீர்ந்து பாதிச் சோறோடு எதிர்வீட்டு அக்கா அடுப்புக்கு ஓடினேன். மாட்டிய தேதியை யாரும் எழுதவில்லை. ஆனால் ஞாயிறு சாயங்காலங்களில் நாலு மணிக்கே, மாவாட்டுவது ஒன்று தவிர, வீட்டு வேலை ஓய்ந்துவிடுகிறது. கீழக்குயில்குடித் தாமரைக்குளத்துக்குப் போய், சமணர்மலைப் பாறை நிறம் மாறுகிறவரை படியில் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். பக்கத்திலேயே குடியிருந்தும் வருஷக்கணக்கில் நான் பார்க்காத குளம் அது.

ஒரே ஒரு தொந்தரவு. எங்கள் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் வைக்கிற பேனா எதுவும் இரண்டு நாளைக்கு மேல் தங்குவதில்லை. எழுதப்போகும்போது பேனா இருக்காது, தேடிக்கொண்டுவரும்போது எழுத வந்தது மறந்திருக்கும். சிலிண்டர் தேதி அப்படித்தான் விட்டுப்போனது. கடைசியில் அத்தைதான் வழி சொன்னார். பூக்கட்டுகிற நாரில் பேனாவைக் கட்டி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை வேறெதுவும் செய்யாவிட்டாலும் அது ஒன்றை மட்டும் செய்துவிடுங்கள். நார், வீட்டிலேயே சின்னப் பிள்ளைக்கும் கை எட்டுகிற நீளத்தில் இருக்கட்டும்.